கையில் அடங்கின மோட்டார்: ஜி.டி. நாயுடுவின் கதை

கடைக்குப் போய் நாங்க கேட்ட முதல் கேள்வி, ஆர்.பி.எம். எவ்வளவு என்பதுதான். இப்போ நெனச்சா சிரிப்பு வருது.

விஷயம் இதுதான் மக்களே. போன செமஸ்டர்ல எங்க நாலு பேர் டீம், திருவள்ளூர் வீரராகவர் கோயில் தேரை மனசுல வெச்சு, ஒரு அடி உயரத்துல மரத்தேர் செய்யலாம்னு இறங்கினோம். சக்கரமும் தட்டுகளும் லேசர் கட்டிங்ல வந்துடும். ஆனா யாளி, பூ வேலை, கொடி வேலை எல்லாம் கையாலதான் செய்யணும். அதுக்கு ஒரு ரோட்டரி டூல் வாங்கினோம். கையில பேனா மாதிரி பிடிச்சு, முனையில சின்ன பிட் மாட்டி, மரத்தைச் செதுக்குற மிஷின். பெட்டியில எதுல பெரிய எண் இருந்ததோ, அதை எடுத்துக்கிட்டு வந்தோம். 35,000 ஆர்.பி.எம்.

முதல் நாளே லேப் முழுக்க புகை வாசனை. செதுக்கின இடமெல்லாம் கருகிப் போச்சு. பத்து நிமிஷத்துல மிஷின் கையில பிடிக்க முடியாத அளவுக்குச் சூடு. யாளிக்கு மூக்கு போச்சு.

அடுத்த மாசம் கும்மிடிப்பூண்டி சிப்காட்டுல ஒரு பவுண்டரிக்கு இன்பிளான்ட் டிரெய்னிங் போனோம். அங்கே பேட்டர்ன் ஷாப்ல ஒரு அண்ணா இருந்தார். வார்ப்புக்கு முன்னாடி மரத்துல மாதிரி செய்யுறது அவர் வேலை. எங்க யாளி போட்டோவைக் காட்டினதும் மூணு கேள்வி கேட்டார். என்ன மரம்? செதுக்க வேண்டிய இடம் எவ்வளவு சின்னது? ஒரே மூச்சுல எவ்வளவு நேரம் கையில பிடிப்பீங்க? மூணுக்கும் எங்ககிட்ட பதில் இல்ல. ஆர்.பி.எம். பத்தி அவர் வாயே திறக்கல.

அன்னிக்கு கும்மிடிப்பூண்டி லோக்கல் ட்ரெய்ன்ல திரும்பும்போது, இவ்வளவு படிச்சும் ஒரு கருவியைப் பார்த்து வாங்கத் தெரியலையேன்னு பேசிக்கிட்டே வந்தோம். அப்போ எங்க டீம்ல இருந்த கோயம்புத்தூர்க்காரன் எடுத்த பேச்சுதான் இந்தக் கட்டுரை. பள்ளிக்கூடமே ஒழுங்கா போகாம, மோட்டாரை உள்ளங்கைக்குள்ள கொண்டு வந்த மனுஷர் ஒருத்தர் அவங்க ஊர்ல இருந்தார். ஜி.டி. நாயுடு. பேரைக் கேட்டிருப்பீங்க. கதையைக் கேட்டிருக்கீங்களா?

பிரிச்சுப் பார்த்த பையன்

கோபால்சாமி துரைசாமி நாயுடு 1893 மார்ச் 23 அன்று கோவைக்கு அருகிலுள்ள கலங்கல் கிராமத்தில் பிறந்தார். விவசாயக் குடும்பம். சின்ன வயசிலேயே அம்மாவை இழந்தார். பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்து வரவில்லை. வாத்தியார் மீது மண்ணை வாரி இறைத்துவிட்டு ஓடிய கதை இன்னும் அந்தப் பக்கம் சொல்லப்படுகிறது. படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றது என்பார்கள். ஆனால் வாசிப்பு நிற்கவில்லை. கையில் கிடைத்த புத்தகத்தை எல்லாம் தானாகப் படித்தார்.

வாலிப வயதில் ஒரு நாள் ஆங்கிலேய அதிகாரி ஒருவர் ஓட்டி வந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்தார். மாடும் இல்லை, குதிரையும் இல்லை, வண்டி ஓடுகிறது. எப்படி? இந்த ஒரு கேள்வி அவரைத் தூங்க விடவில்லை. கோவைக்குப் போய் ஒரு ஹோட்டலில் சர்வராகச் சேர்ந்தார். கிட்டத்தட்ட மூன்று வருடம் பரிமாறி, காசு சேர்த்து, 300 ரூபாய் கொடுத்து அதே ரட்ஜ் மோட்டார் சைக்கிளை வாங்கினார்.

நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க? ஒரு ரவுண்டு போயிருப்பீங்க. அவர் வண்டியை முழுக்கப் பிரித்தார். ஒவ்வொரு பாகமும் எதற்கு, எது எதோடு சேர்கிறது என்று பார்த்துவிட்டுத் திரும்பப் பூட்டினார். வண்டி ஓடியது. அவருக்கு இன்ஜினியரிங் காலேஜ் அதுதான்.

இந்த இடத்துல ஒரு விஷயத்தைக் கவனிங்க. மூணு வருஷச் சம்பளத்தைப் போட்டு வாங்கின பொருள் அது. அதைப் பிரிக்கத் துணிச்சல் வேணும். நாம வாரன்டி ஸ்டிக்கர் கிழிஞ்சுடுமோன்னு பயந்து, ஒரு ஸ்க்ரூவைக் கூடத் தொடமாட்டோம்.

பொள்ளாச்சி டு பழனி

அதன்பிறகு எல்லாம் ஏறுமுகமாகப் போய்விடவில்லை. முதல் உலகப் போர்க் காலத்தில் திருப்பூரில் பருத்தித் தொழில் செய்து நல்ல பணம் பார்த்தார். அந்தத் தெம்பில் பம்பாய்க்குப் போய்ப் பருத்தி வியாபாரத்தில் இறங்கி, எல்லாவற்றையும் இழந்து ஊர் திரும்பினார். கைதூக்கி விட்டவர் கோவைத் தொழிலதிபர் ராபர்ட் ஸ்டேன்ஸ். 1920-ல் ஒரே ஒரு பஸ். பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையில் அவரே ஓட்டினார். அந்த ஒற்றைப் பஸ்தான் யு.எம்.எஸ். என்கிற யுனிவர்சல் மோட்டார் சர்வீஸாக வளர்ந்து, நூற்றுக்கணக்கான பஸ்கள் கொண்ட நிறுவனமானது.

பஸ் கம்பெனி வைத்திருந்தவர்கள் பலர். தன் பஸ்ஸைத் தானே பிரித்துப் பூட்டத் தெரிந்த முதலாளி அபூர்வம். பட்டறையில் நின்றுதான் அவர் அடுத்த கட்டத்துக்குப் போனார்.

1937, பீளமேடு

இந்த வருடத்தை இன்ஜினியரிங் படிக்கிற எல்லாரும் ஞாபகம் வெச்சுக்கணும். 1937-ல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து, பீளமேட்டில் இருந்த நேஷனல் எலக்ட்ரிக் ஒர்க்ஸ் பட்டறையில் இந்தியாவிலேயே தயாரான முதல் மின் மோட்டாரை வெளியே கொண்டு வந்தார்கள். பாலசுந்தரம் பிறகு டெக்ஸ்டூல் நிறுவனத்தைத் தொடங்கினார். கோவை மோட்டாருக்கும் பம்புக்கும் பேர் போன ஊரானதுக்கு விதை போட்டவர்களில் இவர்கள் முக்கியமானவர்கள்.

பெரிய மோட்டார் செய்தவர் சின்ன மோட்டாரையும் விடவில்லை. ரேசன்ட் என்ற பெயரில் ஒரு மின்சார ஷேவிங் ரேசர் உருவாக்கினார். உள்ளே ஒரு குட்டி மோட்டார். அதை ஓட்டியது டார்ச் லைட்டில் போடுகிற மாதிரி ட்ரை செல். சுவரில் பிளக் பாயின்ட் தேவையில்லை. ஊரில் பாதி வீட்டுக்குக் கரண்டே வராத காலத்தில், கையில் அடங்குகிற, வயர் இல்லாத ஒரு மோட்டார்க் கருவி.

இங்கதான் நம்ம கதை அவர் கதையோட சேருது. இன்னிக்கு நாம வாங்குற பேட்டரி ரோட்டரி டூல் என்ன? கையில அடங்குற பாடி, உள்ள ஒரு சின்ன மோட்டார், ஓட்டுறதுக்கு பேட்டரி, முனையில வேலை செய்யுற பாகம். ரேசன்ட்டும் இதே நாலு பாகம்தான். ட்ரை செல் கொடுக்கிற சக்தி ரொம்பக் கொஞ்சம். ஆனா தாடி முடியை வெட்ட அவ்வளவே போதும். மில்லை ஓட்டுற மோட்டார் ஒரு வேலைக்கு, கன்னத்துல ஓடுற மோட்டார் இன்னொரு வேலைக்கு. ரெண்டையும் செஞ்ச பட்டறையில, எது பெருசுங்கிற கேள்விக்கே இடமில்லை. எந்த வேலைக்கு எதுங்கிறதுதான் கேள்வி.

அப்போ எதை வாங்குறது?

பேட்டர்ன் ஷாப் அண்ணா சொன்னதையும், நாங்க பட்டுத் தெரிஞ்சுக்கிட்டதையும் சேர்த்துச் சொல்றேன். முதல்ல கொஞ்சம் கணக்கு. பயப்படாதீங்க, முதல் வருஷக் கணக்குதான்.

பவர் என்பது டார்க்கும் வேகமும் பெருக்கினது. 130 வாட் மிஷின் 30,000 ஆர்.பி.எம்.ல ஓடும்போது, இழப்பே இல்லைன்னு வெச்சுக்கிட்டாலும் டார்க் வெறும் 0.04 நியூட்டன் மீட்டர். அதே 130 வாட்டை 3,000 ஆர்.பி.எம்.ல எடுத்தா பத்து மடங்கு டார்க் வரும், ஆனா மோட்டார் கையில அடங்காது. அதனாலதான் சின்ன மிஷின் எல்லாம் வேகத்துல சம்பாதிக்குது. 50 ஹெர்ட்ஸ் கரண்டுல நேரா ஓடுற இன்டக்‌ஷன் மோட்டார் 3,000 ஆர்.பி.எம்.மைத் தாண்டாது. அதனால வயர் உள்ள ரோட்டரி டூல்ல பெரும்பாலும் கார்பன் பிரஷ் வெச்ச யுனிவர்சல் மோட்டார் இருக்கும். நாயுடு பஸ் கம்பெனி பேரும் இதுவும் ஒண்ணா இருக்கிறது தற்செயல்தான்!

இதுல இருந்து என்ன தெரியுது? இந்த மிஷினை அழுத்தி வேலை வாங்கக் கூடாது. அழுத்தினா வேகம் விழும், கரண்ட் ஏறும், சூடாகும். நாங்க செஞ்ச முதல் தப்பு அதுதான். பிட்டை மரத்து மேல லேசா ஓட விடணும். ஒரே இடத்துல நிக்க விடாம, கொஞ்சம் கொஞ்சமா எடுக்கணும்.

ரெண்டாவது, அதிக வேகம் எல்லா பிட்டுக்கும் ஆகாது. 30,000 ஆர்.பி.எம்.ல 3 மில்லிமீட்டர் பர்ரோட விளிம்பு நொடிக்கு ஏறக்குறைய 4.7 மீட்டர் வேகத்துல உரசும். அதே வேகத்துல 12 மில்லிமீட்டர் சாண்டிங் டிரம் மாட்டினா அது 18.8 மீட்டர். மரம் கருகாம என்ன செய்யும்? பிட் பெருசானா வேகத்தைக் குறைக்கணும். அதனால பெட்டியில மேல் வேகத்தைப் பார்க்காதீங்க. வேகத்தை மாத்துற டயல் இருக்கா, எவ்வளவு கீழே இறங்குதுன்னு பாருங்க. 5,000 வரைக்கும் இறங்கினா நல்லது.

மூணாவது, கோலெட். பிட்டோட காம்பைக் கவ்விப் பிடிக்கிற பாகம் இது. ரோட்டரி டூலுக்கு 3.2 மில்லிமீட்டர் காம்பு பொதுவானது; 2.4-ம் கிடைக்கும். பட்டறைகள்ல காத்துல ஓடுற டை கிரைண்டருக்கு 6 மில்லிமீட்டர் காம்பு சகஜம். கடையில ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சிருப்பாங்க. டை கிரைண்டர் வார்ப்பைத் தேய்க்க அருமையானது, யாளி மூக்குக்கு ஆகாது. வாங்குறதுக்கு முன்னாடி ஒரு பிட் மாட்டி ஓட விட்டுப் பாருங்க. முனை ஆடுதுன்னா வெச்சுட்டு வந்துடுங்க. முனை ஆடினா கோடு ஆடும்.

நாலாவது, கை. அரை மணி நேரம் பேனா மாதிரி பிடிக்க முடியுமான்னு பாருங்க. முடியாதுன்னா பிளெக்சிபிள் ஷாஃப்ட் இருக்கிற செட் எடுங்க. மோட்டார் ஸ்டாண்டுல தொங்கும், கையில மெல்லிசான பிடி மட்டும் இருக்கும். நுணுக்க வேலைக்கு இதுதான் சுகம். ஷாஃப்ட்டை மட்டும் ரொம்ப மடக்காதீங்க. பேட்டரி மிஷின் சின்னத் திருத்த வேலைக்குச் சரி, நாள் முழுக்க உக்காந்து செதுக்கப் போறீங்கன்னா வயர் உள்ளதுதான் தாங்கும்.

அஞ்சாவது, பிட். மரத்துக்கு ஹை ஸ்பீட் ஸ்டீல் கட்டரோ கார்பைடு பர்ரோ வாங்குங்க. மலிவா முப்பது பீஸ் செட்டுல வர்ற வைரத் தூள் பிட் கல்லுக்கும் கண்ணாடிக்கும் உள்ளது. மரத்துல போட்டா தூள் அடைச்சு, வெட்டாம எரிக்கும். எங்க புகைக்குப் பாதிக் காரணம் அதுதான்.

கடைசியா ரெண்டு. கண்ணாடியும் மாஸ்க்கும் இல்லாம ஸ்விட்ச் போடாதீங்க; மரத்தூள் நுரையீரலுக்கு ஆகாது. அப்புறம், உளியை ஒதுக்காதீங்க. புவிசார் குறியீடு வாங்கின பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூர் மரச்சிற்பங்களைப் பாருங்க, உளி என்னவெல்லாம் செய்யும்னு புரியும். உருவத்தை உளியால எடுத்துட்டு, உளி நுழையாத இடத்துக்கு மட்டும் மிஷினை விடுங்க.

ரெண்டு வருஷம் போதும் என்றவர்

திரும்ப நாயுடுவுக்கு வருவோம். அவர் செய்தவற்றின் பட்டியல் நீளம். மிக மெல்லிய ஷேவிங் பிளேடு, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் ஓடும் மின்விசிறி, முறைகேடு செய்ய முடியாத வாக்குப்பதிவு இயந்திரம், சினிமா கேமராவுக்கு தூரம் சரிசெய்யும் கருவி. 1941-ல் ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குச் செய்து தர முடியும் என்று அறிவித்தார். கேமராவோடு உலகம் சுற்றினார். 1936-ல் லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைப் படம் பிடித்தார். தோட்டத்தில் பருத்தியையும் பப்பாளியையும் வைத்து ஆராய்ச்சி செய்தார், சர் சி.வி. ராமன் வந்து பார்த்துவிட்டுப் போனார்.

நமக்கு நேரா சம்பந்தப்பட்டது 1945-ல் நடந்தது. சென்னை மாகாண கவர்னராக இருந்த ஆர்தர் ஹோப்பின் பெயரில் கோவையில் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் தொடங்கப்பட்டன. பின்னணியில் இருந்தவர் நாயுடு. கல்லூரியின் முதல்வரும் அவரே. மூன்றாம் வகுப்போடு நின்றவர் இன்ஜினியரிங் காலேஜ் பிரின்சிபால்!

அங்கே அவர் சொன்ன கருத்துதான் இன்றைக்கும் நம்மைக் குத்துகிறது. இன்ஜினியரிங் படிக்க நாலு வருஷம் தேவையில்லை, நேரம் வீணாகிறது, ஒழுங்காகச் சொல்லிக் கொடுத்தால் ரெண்டு வருஷமே போதும் என்று அவர் நினைத்தார். அரசு ஏற்கவில்லை. அவர் பொறுப்பை விட்டு விலகினார். அந்தக் கல்லூரிதான் பின்னாளில் கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியாக, நாம ஜி.சி.டி.ன்னு சொல்ற கல்லூரியாக ஆனது. பீளமேட்டில் அது தொடங்கிய இடத்தை பஸ் கண்டக்டர்கள் இன்னும் ஹோப் காலேஜ் என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

அவர் சொன்னது சரியா? முழுசா ஒத்துக்க எனக்கு மனசில்லை. மேலே போட்ட டார்க் கணக்கு கிளாஸ்ல உக்காந்து கத்துக்கிட்டதுதான். அது தெரியாம இருந்திருந்தா, மிஷின் ஏன் சூடாச்சுன்னு புரிஞ்சிருக்காது. ஆனா அந்தக் கணக்கு மூணு வருஷமா என் நோட்டுல இருந்துச்சு. கடையில நின்னப்போ அது ஞாபகத்துக்கு வரலை, பெட்டியில இருந்த எண் மட்டும்தான் கண்ணுக்குத் தெரிஞ்சது. நோட்டுக்கும் கைக்கும் நடுவுல இருக்கிற அந்த தூரத்தைத்தான் நாயுடு பார்த்திருக்கார்னு தோணுது.

அவருக்கும் எல்லாம் கைகூடவில்லை. 1952-ல் இரண்டு பேர் போகிற பெட்ரோல் கார் ஒன்றை 2,000 ரூபாய் விலையில் உருவாக்கினார். அரசு உரிமம் கொடுக்காததால் உற்பத்தி நின்றது. அது ஓடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கோவையில் இன்றும் பேசுவார்கள். 1974 ஜனவரி 4 அன்று, 80 வயதில் அவர் காலமானார். கோவை போனால் அவர் பெயரில் இருக்கிற மியூசியத்தைப் பார்க்காமல் வராதீர்கள். அவினாசி சாலையில் புதிதாக வந்திருக்கும் பத்து கிலோமீட்டர் மேம்பாலத்துக்கும் அவர் பெயர்தான்.

நாங்க என்ன செஞ்சோம்?

கருகின யாளியையும், சூடாகுற மிஷினையும் தூக்கிப் போடல. ஒரு சனிக்கிழமை ஹாஸ்டல் ரூம்ல நியூஸ்பேப்பர் விரிச்சு மிஷினைப் பிரிச்சோம். வாரன்டி ஸ்டிக்கர் கிழிஞ்சது. உள்ளே ஆர்மேச்சர், ரெண்டு கார்பன் பிரஷ், முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணா பேரிங். பிரஷ் ஒண்ணு பாதி தேஞ்சு போயிருந்தது. காத்து போற துவாரம் முழுக்க மரத்தூள். சுத்தம் பண்ணி, புது பிரஷ் போட்டுப் பூட்டினோம். ரெண்டு ஸ்க்ரூ மிச்சம் ஆச்சு. திரும்பப் பிரிச்சு, திரும்பப் பூட்டினோம். இந்தத் தடவை மிச்சம் இல்லை.

அப்புறம் ரெண்டு கார்பைடு பர் மட்டும் வாங்கினோம், டயலை பாதிக்குக் கீழே வெச்சோம், யாளி மூக்கை வேற மரத்துண்டுல செதுக்கி ஒட்டினோம். பக்கத்துல வந்து பார்த்தா ஒட்டு தெரியும். தெரியட்டும்.

மிஷின் இப்போ மெக்கானிக்கல் லேப் பீரோவுல இருக்கு. யாருக்கு வேணும்னாலும் வந்து வாங்கிக்கலாம். ஒரே ஒரு கண்டிஷன். என்ன மரம், எவ்வளவு சின்ன இடம், எவ்வளவு நேரம்னு கேப்போம். பதில் சொல்லிட்டு எடுத்துக்கிட்டுப் போங்க.